றெட் ஆற்றில் ஒரு மாலைப்பொழுது

அக்காவுக்காக நான் ஒற்றன் வேலை பார்க்க நேர்ந்தது 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரத்திலே. அறுபது வயதை எட்டிய ஒருவனுக்கு அது தகுந்த தொழிலன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் கூடப்பிறந்தவள் அடுப்படியிலே நின்று கண்கலங்கிக் கேட்கும்போது மறுக்க இயலுமோ?

கனடாவிலே, மனிற்றோபா மாகாணத்தின் தலைநகராகிய வின்னிப்பெக்கில் அக்காவும் அத்தானும் 1988ஆம் ஆண்டு தொடக்கம் வாழ்ந்து வருகின்றார்கள். அவர்களுடன் ஒரு மாதம் தங்கி வரலாமென்று நான் கொழும்பிலிருந்து போயிருந்தேன். அன்று சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மீன் பிடிக்கப் போவதாக ஏற்பாடு. அத்தான் முற்றத்திலே தோணி வண்டியைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டிருந்தார். அக்கா சுடுதண்ணீர்ப் போத்தலிலே தேநீரை வார்த்தபடி மெல்லிய குரலிலே சொன்னாள்:

“தம்பி, அவர் கார் ஓடேக்கை நீ பக்கத்திலை இருந்து வடிவாய்ப் பார். முந்தின மாதிரி இல்லை. போன கிழமை படலைத் தூணிலை இடிச்சுப்போட்டு, தூண்தான் சரிஞ்சு நிக்குது எண்டு எனக்குச் சொல்லுறார். கண் தெரியுதோ இல்லையோ எண்டு வந்து உள்ளதைச் சொல்லு.”

“நீங்கள் நேரே கேட்டால் என்ன, அக்கா?”

“கேட்டால் கோபம் வருது. கோபம் வாறபடியால்தான் எனக்குப் பயமாய்க் கிடக்கு.”

அத்தானுக்கு நீரிழிவு வந்து இருபது வருஷமாகிறது. மனிதர் இனிப்பைத் தொடுவதில்லை, மாத்திரையைத் தவறவிடுவதுமில்லை. ஆனால் வைத்தியரிடம் போவதென்றால் மாத்திரம் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் பண்ணும் பிள்ளையைப் போல ஆயிரம் சாட்டுச் சொல்லுவார்.

அவருடைய ஊர் யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரை. சிறுவயதிலே தகப்பனாரோடு வள்ளத்திலே போய்த் தூண்டில் போட்டவர். கனடாவுக்கு வந்து தொழிற்சாலையிலே இராவேலை பார்த்த காலத்தில், ‘கடலில்லாத இந்த நாட்டிலே எப்படிச் சீவிப்பது’ என்று ஏங்கிப் போயிருந்தாராம். ஒருநாள் கூட வேலை செய்த ஒருவர் அவரை ஆற்றுக்குக் கூட்டிச் சென்றார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாக ஓர் இலையுதிர்காலத்தையும் அவர் தவறவிட்டதில்லை.

காரிலே நான் முன்னாசனத்தில் அமர்ந்தேன். பின்னாலே மருமகன். காலங்கடந்து பிறந்த கடைக்குட்டி. பல்கலைக்கழகத்திலே உயிரியல் படிக்கின்றான். வின்னிப்பெக்கிலிருந்து வடக்கே 9ஆம் இலக்கப் பெருந்தெரு ஆற்றின் போக்கை ஒட்டியே செல்கின்றது. இரு மருங்கும் மரங்கள் மஞ்சள் பூத்து நின்றன. வானம் தெளிவாயிருந்தது. வெளிச்சத்திலே அத்தான் நன்றாகத்தான் ஓட்டினார். எனினும் மரநிழல் தெருவிலே அடர்ந்து விழுந்த இடங்களில் அவருடைய கை சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பதையும், வேகம் குறைவதையும் கண்டேன். ஒரு முறை பின்னால் வந்தவன் பொறுமையிழந்து ஊதினான். “விசரன்” என்றார் அத்தான். நான் யன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டேன்.

றெட் ஆறு என்பது நம் மொழியிலே செவ்வாறு. உண்மையிலே அதன் நிறம் பால் குறைந்த தேநீரின் நிறம். ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்து, வடக்கு நோக்கி ஏறத்தாழ 885 கிலோமீற்றர் ஓடி, வின்னிப்பெக் ஏரியிலே விழுகின்றது. வடக்கு நோக்கி ஓடுவதிலே ஒரு தொல்லையுண்டு. வசந்தகாலத்திலே தெற்குப் பகுதியின் பனி முதலில் உருகிவிடும். வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் நாடெங்கும் பரவும். 1950லும் 1997லும் வந்த வெள்ளங்களை அங்குள்ளவர்கள் இன்றும் பேசுகின்றார்கள். நகரைக் காப்பதற்காக 1962 முதல் 1968 வரை வெட்டப்பட்ட பெரிய வெள்ளக் கால்வாய் ஒன்று லொக்போர்ட் என்னும் சிற்றூரின் அருகே ஆற்றோடு மறுபடி சேர்கின்றது. அதே ஊரிலேதான் 1910இலே திறக்கப்பட்ட அணையும் உண்டு. ஏரியிலிருந்து மேலேறி வரும் மீன்கள் அந்த அணையின் கீழே தடைப்பட்டு நிற்கும். ஆகையால் அங்கே கரையோரம் முழுவதும் தூண்டிற்காரர்கள் தோளோடு தோள் முட்ட நிற்பார்கள். அத்தானுக்குக் கூட்டம் பிடியாது. நாங்கள் இன்னும் கீழே, செல்கேர்க் பட்டினத்துக்குச் சென்றோம்.

தோணி இறக்கும் சரிவிலே வண்டியைப் பின்னோக்கி விடவேண்டும். முந்திய தடவை நான் வந்தபோது, 2015ஆம் ஆண்டு, அத்தான் அதை ஒரே மூச்சிலே செய்ததைக் கண்டிருக்கின்றேன். இந்தத் தடவை நான்கு முறை முன்னே போய்ப் பின்னே வந்தார். காத்து நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மருமகன் இறங்கிப் பின்னே நின்று கையசைத்தான். அவன் அதைச் செய்த விதத்திலிருந்து, அது அவனுக்குப் புதிய வேலையன்று என்று விளங்கிற்று.

பதினான்கு அடி நீளமான அலுமினியத் தோணி. சிறிய இயந்திரம். பாலத்துக்குக் கீழே ஆறு வளையும் ஓரிடத்திலே, ஓட்டமும் ஒதுக்கமும் சந்திக்கும் கோட்டின் மேல் நங்கூரமிட்டோம். நீர்ப்பரப்பைக் கூர்ந்து நோக்கினால் அந்தக் கோடு தெரியும். ஒரு பக்கம் நுரையும் சருகும் விரைந்து போகும்; மறுபக்கம் தண்ணீர் சோம்பலாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

“ஏன் இந்த இடம், அத்தான்?” என்று கேட்டேன்.

“இரை நிக்கிற இடத்திலைதானே தம்பி, தின்னிறவனும் நிப்பான்.”

அந்த இரையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். என் எண்ணத்திலே இந்தக் கதையின் அரைப்பங்கு அதற்கே உரியது. எமரல்ட் ஷைனர் என்று பெயர்; மரகத மின்னி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். விரல் நீளமான வெள்ளி நிற மீன். முதுகிலே இளம்பச்சை மினுக்கம். நமது நெத்தலியைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயலை விளக்கத் தேவையில்லை. கோடைகாலம் முழுவதும் ஏரியின் திறந்த வெளியிலே கூட்டங்கூட்டமாகத் திரிந்து, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்று வளரும். அந்த ஏரியோ 24,500 சதுர கிலோமீற்றர் அளவானது. இலங்கைத் தீவின் மூன்றிலொரு பங்கிலும் பெரிது. ஆயினும் அதன் சராசரி ஆழம் பன்னிரண்டு மீற்றர் அளவே. செப்டெம்பரிலே குளிர்காற்று வீசத் தொடங்கியதும் தண்ணீர் கலங்கிக் குளிர்ந்து போகும். அப்போது இந்தச் சிறுமீன்கள் எண்ணிக்கையற்ற திரளாக ஆற்றின் வாயிலே நுழைந்து மேலேறும். அலையடிக்கும் வெளியை விட்டு ஒதுக்கிடம் தேடி வருகின்றன என்பது அத்தானின் கட்சி. அவற்றைத் துரத்திக்கொண்டு, ஏரியிலே கொழுத்த வோலாய் மீன்களும் வரும். மனிற்றோபாக்காரர் அதைப் பிக்கரல் என்றே அழைப்பார்கள். ஏரியிலிருந்து புதிதாக வருபவற்றின் முதுகு பளபளக்கும் பச்சையாக இருக்கும். ஆதலால் ‘பச்சை முதுகு’ என்றே அவற்றுக்கு ஊர்ப்பெயர்.

வடக்குக் காற்று இரண்டு நாள் தொடர்ந்து வீசினால் ஏரித் தண்ணீர் தெற்கே தள்ளுண்டு ஆற்று வாயிலே உயரும், ஆற்றின் வேகம் குறையும், மீன் ஏறும். அத்தான் அந்தக் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர் வாடை. “நேற்று முழுக்க வாடை. இண்டைக்கு மீன் நிக்கும்” என்று காலையிலேயே சொல்லியிருந்தார். முப்பத்தாறு வருஷக் கனடா வாசம் அவருடைய காற்றுக்களின் பெயரை மாற்றவில்லை.

பகலிலே ஷைனர் கூட்டம் தாழ்ந்த நீரிலே நெருங்கி நிற்கும். ஓட்டத்தை எதிர்த்து நிற்பது உடலுக்குச் செலவு. ஆகவே பாலத்தூணின் பின்புறம், வளைவின் உட்புறம், கரை நீட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஆகிய ஒதுக்கிடங்களையே நாடும். ஒன்றையொன்று கண்ணாலே பார்த்துத்தான் அணிவகுப்புக் கலையாமல் நிற்கின்றன என்றான் மருமகன். விலாவிலே ஓடும் உணர்கோடும் அதற்குத் துணை. நூறு மீன் ஒரே கணத்திலே திரும்பும்போது துரத்துபவனுக்கு எதைப் பிடிப்பதென்று தெரியாமற் போகும். அவன் இன்னொன்றும் சொன்னான். இவ்வகைச் சிறுமீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரிலே கலக்குமாம். அதை உணர்ந்த மற்றவை உடனே சிதறி ஓடுமாம். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973இலே நோபெல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷ் என்னும் அறிஞரே 1938இலே இதையும் எடுத்துரைத்தவராம். பையன் தமிழிலே இவ்வளவையும் சொல்லி முடிக்கத் திண்டாடினான். ஆயினும் ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெருமையை மறைப்பதற்காகவே குனிந்தார் என்று நினைக்கின்றேன்.

சூரியன் சாயும்போது இந்த ஒழுங்கெல்லாம் குலையும். மிதவை உயிர்கள் மேலே எழும்ப, ஷைனர்களும் அவற்றின் பின்னே மேல்நீருக்கு வரும். மங்கலிலே ஒன்றையொன்று பார்க்க முடியாமற் கூட்டம் தளரும். பிக்கரல் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அதன் விழியின் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படை உண்டு. ரப்பீட்டம் லூசிடம் என்பது சாத்திரப் பெயர். விழிக்குள் வந்த சிறு வெளிச்சம் அதிலே பட்டுத் திரும்பி இரண்டாம் முறை பயன்படும். இராக்காலத்திலே தெருவிலே பூனையின் கண் ஒளிர்வதும் அத்தகைய படையினாலேதான். மனிதக் கண்ணிலே அது இல்லை. கலங்கிய ஆற்றிலே, இருட்டும் வேளையிலே, இரைக்குக் கண் மங்குகின்றது, வேட்டைக்காரனுக்கு மங்குவதில்லை.

இதற்குள் நாங்கள் தூண்டில் போட ஆயத்தமானோம். ஈயக் குண்டோடு கூடிய ஒற்றைத் தூண்டில். இரை, உப்பிலிட்ட ஷைனர். தகரப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த வாசம் என்னை ஒரு கணம் யாழ்ப்பாணச் சந்தைக் கருவாட்டுக் கடையிலே கொண்டுபோய் விட்டது. அத்தான் தங்கூசியைத் தூண்டிற் கண்ணிலே கோக்க முயன்றார். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், வானத்தை நோக்கிப் பிடித்தார். மருமகன் ஒரு சொல்லும் பேசாமல் கையை நீட்டினான். அவர் கொடுத்தார். அவன் கோத்து முடிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மீன் காட்டும் சிறு இயந்திரத்தின் திரை அவருக்கு நேர் முன்னே இருந்தது. அதைப் பாராமலே, “எத்தினை அடி?” என்று மகனைக் கேட்டார். “பதின்மூன்று” என்றான் அவன். “கீழை முகில் மாதிரித் தெரியுது, அப்பா. ஷைனர்தான்.”

இரண்டு மணித்தியாலத்திலே மூன்று மீன் வந்தன. இரண்டு பிக்கரல், ஒன்று அதன் சிறிய இனமாகிய சோகர். எனக்கு அகப்பட்டது சோகர். பிடித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்; இரை போய்விட்டதோ என்று பார்க்கத் தூக்கியபோது அது தானாகவே மாட்டிக்கொண்டு வந்தது.

ஆறு மணிக்குப் பிறகு காற்று விழுந்துவிட்டது. குளிர் காலிலிருந்து ஏறிற்று. அக்காவின் தேநீரைப் பங்கிட்டுக் குடித்தோம். நீர்ப்பரப்பிலே மெல்லிய தூறல் விழுவதுபோலச் சிறு வளையங்கள் தோன்றத் தொடங்கின. நான் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். மழையில்லை.

“ஷைனர் மேலை வருது” என்றார் அத்தான். பிறகு, ஆற்றைப் பார்த்தபடியே, “கொக்கா உம்மைப் பார்த்து வரச் சொன்னவவோ?” என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன், நா எழவில்லை. “ஓம் அத்தான்” என்றேன்.

“என்னெண்டு சொல்லப் போறீர்?”

“நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன சொல்ல?”

நெடுநேரம் பேசாமல் இருந்தார். தூண்டிற் கோலின் நுனி மெல்ல எழுவதும் தாழ்வதுமாக இருந்தது. பின்பு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓகஸ்ட் மாதத்திலே கண் வைத்தியர் பார்த்தாராம். நீரிழிவினால் விழித்திரையிலே கசிவு உண்டாகியிருக்கின்றதாம். கண்ணுக்குள்ளே ஊசிமருந்து ஏற்றவேண்டுமாம். தாமதித்தால் இருப்பதும் போகுமென்று சொன்னாராம். தவணையும் கொடுத்தாராம்.

“போனீங்களோ?”

“போகேல்லை. கண்ணுக்குள்ளை ஊசி எண்டால் எப்பிடித் தம்பி போறது? அதோடை, கார் ஓட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டால்? இந்த ஆத்துக்கு நான் எப்பிடி வாறது?”

மருமகன் தோணியின் முன்முனையிலே முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். “நான் கூட்டிக்கொண்டு வருவன்தானே” என்றான், திரும்பாமலே.

“நீ படிக்கிற பிள்ளை.”

“சனிக்கிழமை படிப்பில்லை, அப்பா.”

அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை மரங்கள் ஒரே கறுப்புத் திரையாயின. நான் என் தூண்டிற் கோலின் நுனியைக் கூடப் பார்க்க முடியாமல் தவித்தேன். அத்தானுக்கு அதிலே சங்கடமிருக்கவில்லை. தங்கூசியை இடக்கைச் சுட்டுவிரலின் மேல் ஓட விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலே கோல் ஏது, சுழல் உருளை ஏது! கைக்கயிறும் விரலுந்தானே. பிக்கரல் பாரையைப் போல வெட்டி இழுக்கும் மீனன்று. இரையை உறிஞ்சி வாயிலே வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். ஈயம் சேற்றிலே புதைந்தது போன்ற ஒரு சிறு கனம், அவ்வளவுதான். அந்தக் கனத்தை அவர் விரல் அறிந்தது. கோலை ஒரு தரம் உயர்த்தினார். அது வளைந்து நின்றது.

பத்து நிமிஷமாவது சென்றிருக்கும். மீன் அடியைவிட்டு எழுவதும், தோணியின் நிழலைக் கண்டதும் மறுபடி ஆழ்வதுமாக இருந்தது. மருமகன் கைவலையோடு குனிந்து நின்றான். “இன்னும் இல்லை, இன்னும் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அத்தான், பார்வை எங்கோ இருக்க. “இப்ப!” என்றபோது அவன் வலையைத் தாழ்த்தி எடுத்தான். அளவு கோலிலே 28 அங்குலம். பச்சை முதுகு, வெண்மையான வயிறு, வாலின் கீழ்நுனியிலே அந்த இனத்துக்கேயுரிய வெள்ளைப் புள்ளி.

“பெட்டைதான். வசந்தத்திலை முட்டை போடும்” என்றார். இவ்வளவு பெரியவற்றைத் திரும்ப விடுவது அவருடைய வழக்கம். ஒரு தாய் மீன் இலட்சக்கணக்கிலே முட்டையிடுமாம். மருமகன் நெற்றி விளக்கைப் போட்டான். அதன் கண் வெள்ளித் தகடு போலப் பளிச்சிட்டது. அத்தான் முகத்தை மிக அருகே கொண்டுபோய் அந்தக் கண்ணைச் சற்று நேரம் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ, நான் கேட்கவில்லை. பின் இரு கையாலும் வாலையும் வயிற்றையும் தாங்கித் தண்ணீருக்குள் பிடித்தார். அது இரண்டு முறை செவுளை விரித்து மூச்சு வாங்கிற்று. வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போய்விட்டது. என் கண்ணாடி நனைந்தது.

கரைக்கு வந்தபோது நன்றாக இருண்டுவிட்டது. தோணியை ஏற்றி, அடைப்பைக் கழற்றி, தண்ணீர் முழுவதையும் வடியவிட்டுத் துடைத்தோம். 2013இலே ஏரியிலே வரிச் சிப்பிகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்பு இதிலே வெகு கண்டிப்பு. விரல் நகமளவான அந்தச் சிப்பி தண்ணீரிலுள்ள மிதவை உணவையெல்லாம் வடித்துக் குடித்துவிடும். ஷைனருக்கும் அதே உணவுதானே என்பது அத்தானின் கவலை.

தோணியைக் கட்டி முடித்ததும் அத்தான் சட்டைப்பையிலே கையை விட்டார். சாவி கிலுகிலுத்தது. நான் மூச்சையடக்கி நின்றேன். அவர் அதை மகன் நின்ற திசையிலே நீட்டினார். அவன் நின்றது அந்தத் திசையிலிருந்து ஓரடி விலகி. அவனே நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டான்.

“மெதுவாய் ஓடு. பின்னாலை தோணி இருக்கு” என்று மாத்திரம் சொல்லிவிட்டு, பின்னாசனத்திலே ஏறிக்கொண்டார். வழி முழுவதும் பிள்ளைக்கு ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். விளக்கைத் தாழ்த்து, வளைவு வருகுது, மான் குறுக்கே பாயும். அந்த வளைவுகளை அவர் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

வீட்டு வாசலிலே அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். காரின் எந்தக் கதவு திறந்து யார் இறங்கினார் என்பதைக் கண்டிருப்பாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. “எத்தினை மீன்?” என்றாள் அத்தானிடம்.

“மூண்டு. ஒரு பெரிசை விட்டிட்டன்” என்றார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “இஞ்சை பாரும், திங்கட்கிழமை அந்தக் கண் டொக்டருக்கு ரெலிபோன் பண்ணி நாள் ஒண்டு கேளும்” என்றார்.

அக்கா மீன் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.